வண்டி நிறுத்த இடம் இருக்கா?

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் வீடு தேடிப் போனால் புரோக்கர் கேட்கும் கேள்விகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். எத்தனை பேர், வாடகையா லீசா, அட்வான்ஸ் எவ்வளவு முடியும்? வீடு தேடுபவர் கேட்பதும் தெரிந்ததுதான். நல்ல தண்ணி வருமா, கரண்டுக்குத் தனி மீட்டரா, மாடிப்படி எத்தனை?

ஆனால் வேலையிலிருந்து ரிடையர் ஆகி, கையில் கொஞ்சம் செட்டில்மெண்ட் பணத்தோடு வீடு தேடும் வடசென்னைக்காரர் பலர் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்பார்கள். "வண்டி நிறுத்த இடம் இருக்கா?" அந்த வண்டி கார் இல்லை. ஒரு ஆட்டோவாக இருக்கும், இல்லை 'குட்டி யானை' என்று ஊரே செல்லமாகக் கூப்பிடும் டாடா ஏஸாக இருக்கும். அதுவும் முடியாதவர்களுக்கு மீன்பாடி வண்டி, இட்லிக்கடை தள்ளுவண்டி, இஸ்திரி வண்டி...

இதே கேள்வியை அமெரிக்காவிலும் ரிடையர் ஆனவர்கள் கேட்கிறார்கள். அங்கே அது படுக்கை, சமையலறை எல்லாம் வைத்த பெரிய வேன். 1919-லேயே புளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரில், காரிலும் கூடாரத்திலும் ஊர் சுற்றுபவர்கள் கூடி 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். பின்னாளில் இப்படிப்பட்ட வண்டிகளுக்கென்றே வாடகை மனைகள் வந்தன. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு வீட்டுச் செலவு கட்டுப்படியாகாத வயதானவர்கள் சிலர் வேனையே வீடாக்கிக்கொண்டார்கள். 2021-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய 'நோமேட்லேண்ட்' அவர்களைப் பற்றியதுதான்.

அங்கே வண்டி, வீட்டுக்கு மாற்று. வடசென்னையில் வண்டி, பென்ஷனுக்கு மாற்று. வித்தியாசம் இதுதான். இங்கே வண்டி நிறுத்த இடம் இல்லாத வீடு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது கட்டுப்படியாகும் வீடு கிடையாது. ஏனென்றால் அந்த வாடகையைக் கொடுக்கப்போவதே அந்த வண்டிதான்.

சுவாரசியமான விஷயம் என்னவென்றால், வண்ணாரப்பேட்டை என்ற ஊர் உருவானதே இந்தக் கணக்கில்தான். கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்ப்போம்.

துணி காய இடம்

பெயரிலேயே ஊரின் கதை இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் கோட்டை கட்டியது முக்கியமாகத் துணி வியாபாரத்துக்காக. தறியிலிருந்து இறங்கும் பருத்தித் துணி பளீரென்று வெள்ளையாக இருக்காது. பழுப்பாக, கஞ்சிப் பசையோடு இருக்கும். அதைக் கப்பலில் ஏற்றுவதற்கு முன்னால் உவர்மண் போட்டு ஊற வைத்து, வெள்ளாவியில் வேக வைத்து, துவைத்து, வெயிலில் விரித்து வெளுக்க வேண்டும். இந்த வேலையைச் செய்த சலவைத் தொழிலாளர்கள் குடியிருந்த இடம்தான் வண்ணாரப்பேட்டை.

இந்தத் தொழிலுக்கு என்ன வேண்டும்? நல்ல தண்ணீர், வெள்ளாவி அடுப்பு, எல்லாவற்றுக்கும் மேலாகத் துணி விரிக்கப் பரந்த வெட்டவெளி. ஒரு குடும்பத்துக்குக் குடிசை போடச் சின்ன இடம் போதும். அந்தக் குடும்பத்தின் கையில் இருக்கும் துணி காய்வதற்கு அதைப்போல் பல மடங்கு இடம் வேண்டும்.

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1749-ல் அது ஆங்கிலேயரிடம் திரும்பி வந்தது. அதன் பிறகு, கோட்டையை ஒட்டி இருந்த பழைய கறுப்பர் நகரம் இடிக்கப்பட்டு வெட்டவெளியாக்கப்பட்டது. பீரங்கிக்கு மறைவு இருக்கக் கூடாது என்பதுதான் காரணம். மக்கள் வடக்கே நகர்ந்தார்கள். ஹைதர் அலியின் படையெடுப்புகளுக்குப் பின், 1770 வாக்கில் புதிய கறுப்பர் நகரத்துக்கு மதில் கட்டப்பட்டது. அதன் வடக்கு மதில் ஓடிய கோட்டில்தான் இன்றைய பழைய ஜெயில் ரோடு இருக்கிறது. மதிலின் எச்சத்தை ராயபுரம் மாடிப் பூங்காவில் இன்றும் பார்க்கலாம். அந்தக் கோட்டுக்கு வடக்கே தொடங்குவது பழைய வண்ணாரப்பேட்டை.

நெசவாளர்களுக்கும் இதே கதைதான். 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் திருவொற்றியூர் பக்கம் நெசவாளர்களைக் குடியேற்றினார். அவர் பெயரில் அமைந்த காலெட் பேட்டை நம் ஊர் வாயில் காலாடிப்பேட்டை ஆகிவிட்டது. 1734-ல் ஜார்ஜ் மார்ட்டன் பிட் கவர்னராக இருந்தபோது சிந்தாதிரிப்பேட்டை உருவானது. அதுவும் துணித் தொழிலாளர்களுக்காகத்தான். நெசவாளர் தெருக்கள் ஏன் நீளமாகவும் நேராகவும் இருக்கின்றன? பாவு நூலைத் தெருவோடு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, காய வைக்க வேண்டும். தறி வீட்டுக்குள் இருந்தாலும் வேலையில் பாதி தெருவில் நடந்தது.

கம்பெனி இதையெல்லாம் கருணையால் செய்யவில்லை. நெசவாளர் வேறு ஊருக்குப் போய்விட்டால் துணி வராது, துணி வராவிட்டால் லாபம் வராது. ஆனால் லாபத்துக்காகச் செய்தாலும் கணக்கைச் சரியாகப் போட்டார்கள். முதலில் தொழில் நடக்க இடம், அதன் பக்கத்தில் வீடு.

பேட்டையும் சத்திரமும்

'பேட்டை' என்ற சொல்லையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சந்தையும் தொழிலும் கூடும் புறநகர்தான் பேட்டை. தமிழ்நாட்டில் பல ஊர்களில் 'வண்டிப்பேட்டை' என்று ஒரு இடம் உண்டு. மாட்டு வண்டிகளை அவிழ்த்து நிறுத்தி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, வண்டிக்காரர் வண்டிக்கு அடியிலேயே படுத்துத் தூங்கும் இடம். வண்டியோடு வருபவன் வண்டியை விட்டு விலகித் தங்கமாட்டான் என்பது அந்தக் காலத்து ஊர்களுக்குத் தெரிந்திருந்தது.

வயதானவர்களுக்கு என்ன ஏற்பாடு இருந்தது? இதற்கும் வண்ணாரப்பேட்டை எல்லையிலேயே ஒரு பதில் இருக்கிறது. 1782-ல் ஹைதர் அலியோடு நடந்த போரும் பஞ்சமும் சேர்ந்து சுற்றுவட்டார மக்களைச் சென்னைக்குத் துரத்தின. அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஒரு சத்திரம் ஆரம்பமானது. அதுதான் மணியக்காரர் சத்திரம், ஆங்கிலேயர் வாயில் மோனிகர் சவுல்ட்ரி. 1799-ல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் அங்கே ஒரு ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரி ஆனது. அதனால்தான் பெரியவர்கள் ஸ்டான்லியை 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்று சொல்வார்கள். சத்திரமும் அழிந்துவிடவில்லை, முதியோர் இல்லமாகத் தொடர்கிறது. இருநூறு வருடத்துக்கு மேலாக ஆதரவற்ற முதியவர்களுக்குக் கூரையும் சோறும் கொடுத்த இடம் என்ற வகையில் அதன் பெருமையைக் குறைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் சத்திரத்துக்கு யார் போவார்? போக வேறு இடமே இல்லாதவர். கை காலில் தெம்பு இருந்து, இன்னும் பத்து வருடம் உழைக்க முடியும் என்று நினைக்கும் 58 வயதுக்காரருக்கு அது பதில் ஆகாது. அவருக்குத் தேவை தர்மம் இல்லை. ஒரு அறையும், ஒரு வண்டி நிறுத்தும் அளவுக்கு வெளியே கொஞ்சம் இடமும்தான்.

குவார்ட்டர்ஸ் காலம்

1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இதுதான். 1875-ல் துறைமுகம் கட்டும் வேலை ஆரம்பித்தது. துணி போய் ரயிலும் கப்பலும் வந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு தொழிற்சாலைகள் வரிசையாக வந்தன. எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கி, 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. 1950-களில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு கம்பெனி புல்லட் தயாரிக்க வந்தது. 1960-களில் அதே திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப். டயர் செய்யத் தொடங்கியது. லாரி, மோட்டார் சைக்கிள், டயர் மூன்றுமே இந்த ஒரே கடற்கரைக் கோட்டில் தயாரானது.

இந்தக் காலத்தில் வீட்டுக்கான கணக்கு மாறியது. ரயில்வேயிலும் துறைமுகத்திலும் ஒரு பகுதித் தொழிலாளர்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. நல்ல கட்டடம், தண்ணீர், வேலைக்குப் பக்கம். ஆனால் குவார்ட்டர்ஸ் வேலைக்குக் கொடுக்கப்படுவது, ஆளுக்கு இல்லை. ரிடையர் ஆனால் சில மாத அவகாசத்தில் சாவியைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். சலவைத் தொழிலாளருக்கோ நெசவாளருக்கோ 'ரிடையர்மெண்ட்' என்று ஒரு நாள் இருந்ததில்லை. முடிந்தவரை வேலை செய்தார்கள், அதே இடத்தில் மூப்பு அடைந்தார்கள். தொழிற்சாலை யுகம்தான் ஒரு மனிதனின் உழைப்புக்கு முடிவுத் தேதி குறித்தது. வேலையும் வீடும் ஒரே நாளில் போகும் நிலைமை அப்போது வந்ததுதான்.

குவார்ட்டர்ஸ் கிடைக்காதவர்கள் ஒண்டுக் குடித்தனங்களில் இருந்தார்கள். நடுவில் ஒரு முற்றம், சுற்றிலும் ஆறேழு அறைகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். வசதி குறைவுதான். ஆனால் முற்றத்தில் ஒரு சைக்கிளோ தள்ளுவண்டியோ நிறுத்திக்கொள்ளலாம். அப்படிப்பட்ட வீடுகள் பல இடிக்கப்பட்டு ஃபிளாட் ஆகிவிட்டன.

கொஞ்சம் கணக்கு

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இந்தப் பகுதி சுலபமாகப் புரியும். மற்றவர்களும் பயப்பட வேண்டாம், பெருக்கல் வகுத்தல் மட்டும்தான்.

ரிடையர் ஆகும் தனியார் கம்பெனித் தொழிலாளிக்கு மூன்று விதமாகப் பணம் வரும். 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த வருங்கால வைப்பு நிதி, அதாவது பி.எஃப். 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த கிராஜுவிட்டி. 1995 நவம்பரில் வந்த திட்டப்படி மாதாமாதம் பென்ஷன்.

கிராஜுவிட்டிக்குக் கடைசிச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வேலை பார்த்த வருடங்களால் பெருக்க வேண்டும். கடைசியாக 12,000 ரூபாய் வாங்கி 30 வருடம் வேலை பார்த்தவருக்கு 2,07,692 ரூபாய் வரும். கேட்கப் பெரிய தொகைதான்.

இப்போது பென்ஷன். சம்பளத்தைச் சேவை வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். ஆனால் அந்தச் சம்பளத்துக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. 2001 முதல் 2014 வரை அது 6,500 ரூபாய், பிறகு 15,000. அந்த 6,500 வரம்பில், திட்டம் தொடங்கியதிலிருந்து 18 வருடம் முடித்து 2013 கடைசியில் ரிடையர் ஆனவரை எடுத்துக்கொள்வோம். 6,500 × 18 ÷ 70 = 1,671 ரூபாய். 1995-க்கு முந்தைய சேவைக்கு இதோடு சிறு தொகை ஒன்று சேரும், அவ்வளவுதான். இந்தத் திட்டத்தில் குறைந்தபட்சப் பென்ஷன் மாதம் 1,000 ரூபாய் என்று 2014-ல்தான் நிர்ணயித்தார்கள்.

மாதம் ஆயிரத்துச் சொச்ச ரூபாயில் சென்னையில் வீட்டு வாடகை கொடுக்க முடியுமா? கண்டிப்பாக முடியாது. அதனால் வடசென்னைக் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரு வழி வைத்திருக்கின்றன. மொத்தப் பணத்தில் மகள் கல்யாணம், பழைய கடன் எல்லாம் போக மிஞ்சுவதை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு பங்கு வீட்டு லீசுக்கு. மாத வாடகை இல்லை, காலி செய்யும்போது முதல் திரும்பி வரும். இன்னொரு பங்கு வண்டிக்கு. 2005-ல் டாடா ஏஸ் வந்த பிறகு இது இன்னும் சுலபமானது. துறைமுகத்திலும் கம்பெனியிலும் டிரைவராக இருந்தவருக்கு ஓட்டத் தெரியும், ரூட்டும் தெரியும். அந்த வண்டி தினமும் கொண்டுவரும் பணம்தான் உண்மையான பென்ஷன்.

கணக்குப் பாஷையில் சொன்னால், வண்டி அவருடைய ஒரே வருமானம் தரும் சொத்து. அதை ராத்திரி எங்கே நிறுத்துவது?

நாலாவது மாடியில் தள்ளுவண்டி

1970-ல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் அமைந்தது. இந்தியாவிலேயே முன்னோடியான முயற்சி. குடிசைகள் தீப்பிடித்து எரிந்த இடங்களில் கான்கிரீட் வீடுகள் எழும்பின. 1973-ல் தமிழக அரசு மனிதனை மனிதன் இழுக்கும் கை ரிக்‌ஷாவை ஒழித்து, அதற்குப் பதிலாக சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தது. இரண்டுமே பாராட்ட வேண்டிய காரியங்கள். ஆனால் ஒரு அரசு அலுவலகம் கொடுத்த வண்டியை, இன்னொரு அலுவலகம் கட்டிய வீட்டில் எங்கே நிறுத்துவது என்பது இரண்டு பேருடைய வேலையும் இல்லாமல் போனது. குடிசை என்றால் வாசலில் நிறுத்தலாம். மூன்றாவது மாடிக்கு ரிக்‌ஷா ஏறாது. அது தெருவுக்கு வந்தது. சங்கிலி போட்டு விளக்குக் கம்பத்தில் பூட்டும் பழக்கம் வந்தது.

2004 சுனாமிக்குப் பிறகு மீனவர்களுக்கும் இது நடந்தது. கடற்கரைக் குப்பங்களில் இருந்த குடும்பங்களுக்கு எர்ணாவூர் போன்ற இடங்களில் அடுக்குமாடி வீடுகள் கட்டப்பட்டன. மீனவருக்குப் படகு, வலை, இன்ஜின் மூன்றும் கண்ணெதிரே இருக்க வேண்டும். வலையை விரித்துக் காய வைத்துப் பின்ன வேண்டும். கடலுக்குப் போவதை நிறுத்திவிட்ட வயதானவர்கள்கூட வலை பின்னிச் சம்பாதிப்பார்கள். அந்த வேலை மணலில் உட்கார்ந்து செய்வது, வராந்தாவில் அது நடக்காது.

அங்கிருந்து தெற்கே, செம்மஞ்சேரி, கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று நகரத்தின் விளிம்புக்கு அனுப்பப்பட்டவர்களுக்குத் தூரமும் சேர்ந்துகொண்டது. வண்டி ஓட்டுபவருக்கு வாடிக்கை என்பது அவர் இருபது வருடமாகச் சம்பாதித்த தெரு. எம்.சி. ரோடு ஜவுளிக் கடைகளுக்கு லோடு அடிப்பவரையும், காசிமேட்டில் விடியற்காலையில் மீன் எடுப்பவரையும் முப்பது கிலோமீட்டர் தள்ளி வைத்தால் வண்டி இருந்தும் பிழைப்பு இல்லை. அந்த வாரியம் 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. 'வாழ்விடம்' என்பது நல்ல சொல்தான். வாழ்வுக்கும் இடம் வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது.

ரோடு யாருக்கு?

வீட்டில் இடம் இல்லாவிட்டால் ரோடு இருக்கிறதே என்று சொல்லலாம். அந்த ரோடும் சும்மா இல்லை. 1983-ல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்தது. மூட்டை தூக்கும் ஆட்களின் தேவை குறைந்தது, டிரெய்லர் லாரிகளின் வரிசை நீண்டது. திருவொற்றியூர், எண்ணூர் சாலைகளில் மணிக்கணக்கில் டிரெய்லர்கள் காத்து நிற்பது வடசென்னைக்காரர்களுக்குப் புதிதில்லை. 2019-ல் வண்ணாரப்பேட்டை வரை மெட்ரோ வந்தது, 2021-ல் விம்கோ நகர் வரை நீண்டது. பயணத்துக்கு ரொம்ப வசதி. ஆனால் மெட்ரோ பக்கத்தில் மனை விலை ஏறும்போது, வண்டி நிறுத்திக்கொண்டிருந்த காலி மனைகளில் கட்டடம் எழும்பும்.

இன்னொரு பக்கம், நல்ல வசதியான ரிடையர்மெண்ட் குடியிருப்புகள் கோயம்புத்தூரைச் சுற்றி நிறைய வந்துவிட்டன. 2019-ல் மத்திய அரசு இவற்றுக்கு மாதிரி விதிமுறைகளும் வெளியிட்டது. நடைபாதை, சறுக்காத தரை, டாக்டர், சமைத்த சாப்பாடு எல்லாம் உண்டு. ரிடையர் ஆனவர் இனி சம்பாதிக்கத் தேவையில்லை என்ற எண்ணத்தில் கட்டப்பட்டவை அவை. அரசு அதிகாரிக்கும், மகன் வெளிநாட்டில் இருப்பவருக்கும் அது பொருந்தும். எண்ணூரில் லாரி கோர்த்தவருக்குப் பொருந்தாது.

பழைய கணக்குக்குத் திரும்பினால்...

இதற்குத் தீர்வு ஒவ்வொருவருக்கும் கார் ஷெட் வைத்த தனி வீடு இல்லை. வண்ணாரப்பேட்டையில் துணி காயப் போட்ட வெளியும், பாவு இழுத்த தெருவும் தொழில் செய்தவர்கள் சேர்ந்து பயன்படுத்திய இடங்கள். சத்திரத்து வண்டிப்பேட்டையும் பொது இடம்தான். அடுக்குமாடி கட்டும்போது ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு பொது வண்டிப்பேட்டை விட்டால் போதும். கொஞ்சம் கூரை, ஒரு விளக்கு, ஒரு வாட்ச்மேன், மாதம் ஒரு சிறு வாடகை. மின்சார ஆட்டோக்கள் பெருகிவரும் காலத்தில் சார்ஜ் போட ஒரு பிளக் பாயிண்ட். இன்றைக்கு மூன்றாவது மாடியிலிருந்து வயர் தொங்கவிட்டு எத்தனை பேரால் சார்ஜ் போட முடியும்? தரைத்தள வீடுகளை வயதானவர்களுக்கு முதலில் ஒதுக்கினால் படிக்கட்டுப் பிரச்சனையும் பாதி தீரும்.

முன்னூறு வருடம் முன்னால் லாபத்தை மட்டுமே பார்த்த ஒரு வியாபாரக் கம்பெனிக்கு, தறியும் வெட்டவெளியும் இல்லாமல் குடிசை மட்டும் கொடுத்தால் யாரும் தங்கமாட்டார்கள் என்று தெரிந்திருந்தது. இன்று வீடு கட்டிக் கொடுப்பவர்களின் நோக்கம் அதைவிட நல்லது. அந்த ஒரு விஷயத்தை மட்டும் அவர்களும் கேட்டுக்கொண்டால் போதும். வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்கு முன்னால், வரப்போகிறவரிடம் என்ன வண்டி இருக்கிறது என்று ஒரு வார்த்தை.